எட்டாவது கோவிலுக்கு அப்பால்

டிரையத்லான் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அனூஜுக்குத் தெரிய வந்ததே பாளையங்கோடன் வாழைப்பழம் நீட்டப் போன இடத்தில்தான். அப்போது நெய்யாற்றின்கரையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். கோவளத்தில் ஏதோ போட்டி நடக்கிறது, ஓடி வருகிறவர்களுக்குப் பழமும் தண்ணீரும் கொடுக்க ஆள் வேண்டுமாம், மத்தியானம் பிரியாணி உண்டு என்று கூட்டாளி ஒருவன் சொன்னான். பிரியாணிக்கு அப்புறம் அவன் சொன்னது எதுவும் அனூஜின் காதில் ஏறவில்லை. மறுநாள் விடியும் முன்பே தன் ஊரான கொல்லயிலிலிருந்து சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

போனால் அங்கே ஒரே கூத்து. பெரிய பெரிய மனுஷர்கள் கடலில் நீந்திக் கரையேறுகிறார்கள், ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிளில் ஏறி எங்கேயோ போய்த் திரும்புகிறார்கள், இறங்கின கையோடு ஓடத் தொடங்குகிறார்கள். யாரும் விரட்டவில்லை, எதுவும் களவு போகவில்லை. இதற்குப் பணம் கட்டி வேறு வருகிறார்களாம். இவர்களுக்கெல்லாம் வீட்டில் வேலை இல்லையா என்று யோசித்தபடி அனூஜ் பழக்குலையோடு நின்றுகொண்டிருந்தான்.

மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கு ஒன்றாகச் செய்கிற பிரிவும் அதில் உண்டு. அப்படி ஒரு கூட்டத்தில் ஓட வேண்டியவன் முந்தின இரவு தின்ற புரோட்டா வேலையைக் காட்டிவிட, கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் கூட்டத்துக்காக நீந்தி முடித்த ஆன்டோ தலையைத் துவட்டிக்கொண்டே சுற்றிலும் பார்த்தான். பூவார் கடற்கரைக்காரன், அனூஜின் வயதுதான் இருக்கும், உடம்பு முழுக்க உப்பு. பழக்குலைக்குப் பின்னால் நிற்கிற ஒல்லிக் கால்கள் அவன் கண்ணில் பட்டன.

“எடா, நினக்கு ஓடான் அறியாமோ?”

“ஓடத் தெரியும். ஆனா பழம் ஆரு குடுப்பா?”

“பழம் அங்க கெடக்கட்டும். வாடா இங்கோட்டு!”

அனூஜின் காலில் அன்றைக்கு இருந்தது ரப்பர் செருப்பு. அதைக் கழற்றி ஆன்டோவின் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினான். முன்னால் போன ஆட்களை ஒவ்வொருவராகத் தாண்டத் தாண்ட அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு விலை கூடின ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு இவர்கள் ஏன் இப்படிப் பைய ஓடுகிறார்கள் என்று உண்மையிலேயே புரியவில்லை. அந்தக் கூட்டம் இரண்டாவதாக வந்தது. பிரியாணி தீர்ந்துபோயிருந்தது. ஆனால் கழுத்தில் தொங்கிய பதக்கத்தை வீடு வந்து சேரும்வரை அவன் கழற்றவில்லை.

அன்றைக்குப் பிடித்தது பித்து. சைக்கிள் அவனுக்குப் பிரச்சினை இல்லை, பஸ்ஸில் தொங்கப் பிடிக்காமல் நெய்யாற்றின்கரைக்கு தினமும் மிதித்த கால். நீச்சலும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற பாசனச் சானலில் சின்ன வயசிலிருந்தே கிடந்தவன். சானல் நல்ல பிள்ளை. இழுக்கிற பக்கத்துக்கே இழுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றும் செய்யாது. அந்தத் தைரியத்தில் பூவாரில் கடலுக்குள் இறங்கினான். முதல் அலை மூஞ்சியில் அறைந்தது, இரண்டாவது அலை காலை வாரியது, மூன்றாவது அலை அவனை ஆன்டோவின் காலடியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிற்று.

“இது உனக்க சானல் இல்லடா,” என்று ஆன்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கடலுகிட்ட சண்டைக்கு நிக்காத. அது வரும்போ நீ அடியில போ. அது போனப்பொறவு நீ வா.”

ஒரு மழைக்காலம் முழுக்க உப்புத்தண்ணீர் குடித்த பிறகு கடல் அவனுக்கு விட்டுக் கொடுத்தது. அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மாநிலப் போட்டியில் ஜெயித்தான், தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினான். பெங்களூரில் ஒரு அணி அவனை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. கொல்லயிலில் இதை நம்ப வைக்கத்தான் பெரும்பாடு. “ஓடுயதுக்கு சம்பளமா? அப்பம் எங்க வீட்டு நாய்க்கு எவ்வளவு குடுப்பா?” என்று ஊர்ச் சந்திப்பில் எப்போதும் உட்கார்ந்திருக்கிற வேலாயுதன் கேட்டார். அனூஜின் அப்பா சுயம்பு பாறசாலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் மகனின் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஆட்டோவின் பின்னால் ஒட்டிவிட்டார். அதற்குமேல் வேலாயுதனுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் அடி விழுந்தது பேராசையால்தான். ஆசியப் போட்டிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்றதும் பயிற்சியாளர் சொன்னதற்கு மேல் ஒரு பங்கு கூட்டி ஓடினான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி. இன்றைக்குப் போகும் நாளைக்குப் போகும் என்று தைலம் தேய்த்தான். எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பில் முடி போல ஒரு கீறல். ஓட்டமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான்.

அவன் அம்மா சத்யபாமா அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்கிறவள். நாள் முழுக்க முந்திரிக்கொட்டையைத் தல்லி உடைக்கிற கை. அந்தக் கையைக் கூப்பி பாறசாலை மகாதேவர் கோவில் நடையில் நின்று சத்தமாகவே பேசினாள். அவள் சாமியிடம் மனசுக்குள் பேசுகிற வழக்கமே கிடையாது.

“எனக்க பிள்ளைக்க எலும்பு கூடட்டு. இந்த சிவராத்திரிக்கு அவன் பன்னெண்டு சிவன் கோவிலும் வந்து தொழுவான். இது எனக்க நேர்ச்சையாக்கும்.”

எலும்பு கூடியது. சாமி செய்தாரோ, பிசியோதெரபிஸ்ட் ஷீனா செய்தாளோ, அந்த விவாதத்துக்குள் நாம் போக வேண்டாம். நெய்யாற்றின்கரையில் ஒரு மாடி அறையில் வைத்து அவனை மெல்ல மெல்ல நடக்கவும் குதிக்கவும் வைத்தவள் ஷீனா. “மண்ணுல மட்டும் ஓடு. கொஞ்சம் நட, கொஞ்சம் ஓடு. தார் ரோட்டுல கால் வச்சா நான் உன்னைத் திரும்பிப் பாக்கமாட்டேன் மோனே,” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

அதற்குள் சிவராத்திரி வந்துவிட்டது.

சிவாலய ஓட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடிகிற பன்னிரண்டு சிவன் கோவில்கள். காவி கட்டி, கையில் பனையோலை விசிறியோடு, செருப்பில்லாமல், “கோவிந்தா! கோபாலா!” என்று கூவிக்கொண்டு ஓட வேண்டும். கோவில் குளத்தில் முங்கி ஈரத்துணியோடு தொழுதுவிட்டு அடுத்த கோவில். எல்லாம் சேர்த்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். சிவன் கோவிலுக்கு எதற்குக் கோவிந்தா என்றால் பீமன் கதையைச் சொல்வார்கள். பாதி மனுஷன் பாதி மிருகமாக இருந்த சிவபக்தன், விஷ்ணுவின் பெயரைக் கேட்டாலே கொதித்துப்போகிற புருஷாமிருகத்தை பீமன் அந்தப் பெயரைச் சொல்லிச் சீண்டிவிட்டு ஓடினானாம், அது விடாமல் விரட்டியதாம். இப்போது பாதிப் பேர் வேனிலும் பைக்கிலும் போய்த் தொழுதுவிட்டு வருகிறார்கள். அதற்காக சாமி யாரையும் கோபித்ததாகத் தகவல் இல்லை.

சத்யபாமாவும் அதைத்தான் சொன்னாள். “வேன் பிடிச்சு எல்லாரும் போவோம் மக்கா. நான் தொழுவான்னுதான் நேர்ந்தேன், ஓடுவான்னு நேரல்ல.”

“ஓட்டத்துக்கு வேன்ல போறதுக்கு நாணமா இருக்கும்மா. நான் பைய நடந்து போறேன்.”

“ஷீனா என்ன பறஞ்சா?”

“நடக்கதுக்கு என்ன, நடக்கலாம்,” என்றான். ஷீனாவிடம் அவன் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

திருமலையில் மத்தியானம் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கத்தான் தொடங்கினான். அப்படியே நடந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்து எல்லாரும் சாப்பிடப் போயிருக்கலாம். திக்குறிச்சி தாண்டுவதற்குள் பக்கத்து ஊரான குன்னத்துகால் பையன்கள் அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “எலே, இது சம்பளத்துக்கு ஓடுய ஆளில்லா? நம்ம கூட நடந்து வாறாரு!” கொல்லயில் பையன்கள் விடுவார்களா? “எங்க ஆளு ஓடினா நீங்க தூசிதான் தின்னணும்” என்றார்கள். அனூஜ் சிரித்துக்கொண்டே நடந்தான். குன்னத்துகால் கூட்டத்தில் இன்னொருத்தன், “கால் ஒடிஞ்ச குதிரை, விடு மக்கா” என்றான். அவ்வளவுதான். பீமனையாவது புருஷாமிருகம் விரட்டியது. இவனை விரட்டியது மீசை முளைக்காத நாலு பையன்கள். திற்பரப்புக்குப் போகும்போது ஓட ஆரம்பித்திருந்தான். திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம் என்று ஒவ்வொரு கோவிலிலும் அவன்தான் முதலில் குளத்தில் குதித்தான்.

மறுநாள் காலை கல்குளம் முடிந்தபோது அந்தப் பழைய இடத்தில் வலித்தது. மேலாங்கோட்டில் எட்டாவது கோவிலைத் தொழும்போது ஒற்றைக்காலில்தான் நின்றான். அடுத்தது திருவிடைக்கோடு. குன்னத்துகால் பையன்களில் ஒருவன் இன்னும் விடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். வில்லுக்குறிக்கு முன்னால், வெயிலில் காய்ந்து கிடந்த தாரில், அனூஜின் இடது கால் விறகு முறிகிற மாதிரி முறிந்தது. அந்தச் சத்தத்தை அவனே கேட்டான். பின்னால் வந்த பையன்தான் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, “அண்ணே, அண்ணே” என்று அழுதான்.

எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், ஓடுவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார் டாக்டர். பெங்களூர் அணியின் மேனேஜர் போனில் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருஷக் கடைசிவரை இடத்தை வைத்திருப்போம். அதற்குள் ஏதாவது ஒரு பெரிய போட்டியில் முதல் மூன்றுக்குள் வந்தால் சரி. இல்லையென்றால் அந்த இடம் அபிஜித்துக்கு. அபிஜித் திருவனந்தபுரத்துப் பையன், கல்லூரி முடித்தவுடனே எல்லாரையும் கலக்கிக்கொண்டிருந்தவன். அனூஜ் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சுயம்பு ஒரு நாள் வந்து கட்டிலோரம் ஆட்டோ சாவியை வைத்தார். “ஓட்டப் படிச்சுக்கோ. இடது காலுக்கு இதுல ஜோலி கிடையாது.” அன்பில் சொன்னதுதான். ஆனால் அனூஜுக்குத் தன் சாவுச் செய்தியைக் கேட்ட மாதிரி இருந்தது.

சத்யபாமாவோ சாமியோடு சண்டை போட்டுப் பிரிந்துவிட்டாள். மகாதேவர் கோவில் பக்கமே போவதில்லை. பஸ்ஸில் கோவிலைத் தாண்டும்போது மற்றப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டால் இவள் மறுபக்கம் பார்த்தாள். “ஒண்ணைக் கேட்டேன், தந்தியாம். தந்ததை நீயே ஒடிச்சும் போட்டியாம். கொள்ளாம், நல்லா இருக்கு உனக்க நியாயம்!” என்று அடுக்களையில் நின்று பாத்திரங்களிடம் சொல்வாள். ராத்திரி சோற்றை வைத்துக்கொண்டு, “நான் நேர்ந்ததுனால இல்லா எனக்க பிள்ளைக்கு இப்பிடி வந்து” என்று அழுவாள். அனூஜ் அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் படுத்துக் கிடந்தான். பழி வேறொருவர் தலையில் இருப்பது அவனுக்கு வசதியாக இருந்தது. நம்ம ஆளைப் பற்றித்தான் சொல்கிறேன், இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

ஆனால் அம்மா மெலிந்துகொண்டே வந்தாள். ஒரு சாயங்காலம் அவள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தபோது அவனால் தாங்க முடியவில்லை. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அடுக்களைக்குள் போனான்.

“எம்மா, சாமியைத் திட்டாத. சாமி ஒண்ணும் செய்யல்ல. நான் நடக்கல்ல.”

“என்னது?”

“குன்னத்துகால் பயலுவகிட்ட ஜெயிக்கணும்னு ஓடினேன். வலிச்ச பொறவும் ஓடினேன். உனக்க நேர்ச்சை இல்ல காரியம், எனக்க கொழுப்பு.”

சத்யபாமா அடுப்பை விட்டுத் திரும்பினாள். கையில் சோற்றகப்பை இருந்தது. அதாலேயே அவன் முதுகில் சாத்தினாள். ஒன்று, இன்னொன்று. “சவத்து மூதி! ஒரு மாசமா நான் சோறு இறங்காம கெடக்கேன், நீ வாயை மூடிக்கிட்டு கெடந்தியா?” என்று மூன்றாவதும் வைத்தாள். அப்புறம் அகப்பையைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மறுநாள் காலையிலேயே குளித்து முழுகிக் கோவிலுக்குப் போய்ச் சாமியோடு ராசியாகிவிட்டாள். “எட்டு கோவில் வந்தான் இல்லியா, மீதி நாலும் நான் வேன்ல வாறேன், தப்பா நினைக்காத” என்று நடையில் நின்று சத்தமாகச் சொன்னாளாம். அடுத்த சிவராத்திரிக்கு அதைச் செய்தும் முடித்தாள்.

ராசியான அன்றைக்கே கோவிலிலிருந்து நேராக ஷீனாவின் மாடிக்குப் போனாள். “என்ன செய்யணும், என்ன செய்யப்பிடாது, எல்லாம் எனக்கிட்ட பறயணும். அவன்கிட்ட பறஞ்சா பலிக்காது.”

அன்றிலிருந்து அனூஜுக்குச் சிறைவாசம். சானல் கரையில் அவன் நடக்கப் போனால் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு சத்யபாமா. அவன் நடையை எட்டிப் போட்டால் குடைக்கம்பி முதுகில் குத்தும். “பைய, மக்கா, பைய. ஷீனா இன்னைக்கு இம்புட்டுதான் பறஞ்சிருக்கா.” ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. வேலாயுதன், “சத்யபாமா, பிள்ளைக்கு நடக்கப் படிப்பிக்கியா?” என்று கேட்டார். “ஆமா, உங்களுக்கும் வேணும்னா வாருங்க” என்றாள் அவள். அண்டியாபீஸ் போகுமுன் ஒரு நடை, வந்தபின் ஒரு நடை. மழைக்கும் விடவில்லை, காய்ச்சலுக்கும் விடவில்லை.

புண் ஆறியதும் ஆன்டோ பைக்கில் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனான். “கால் இல்லாட்டி என்னடா, கை இருக்குல்லா.” தொடைகளுக்கு நடுவே ஒரு மிதவையைக் கவ்விக்கொண்டு கையால் மட்டும் கடலைக் கிழித்துப் பழகினான் அனூஜ். முன்னால் ஆன்டோவின் முதுகு போய்க்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் அந்த முதுகைத் துரத்தினான். ஒரு நாள் அது எட்டும் தூரத்துக்கு வந்தது. இன்னொரு நாள் அதைத் தாண்டிவிட்டான். ஆன்டோ தண்ணீரில் மல்லாந்து படுத்து, “போதும்டா, நான் பாவம்” என்று கத்தினான். கரைக்கு வந்து பார்த்தால் ஆன்டோவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

நடை மெல்ல ஓட்டமானது. முதல் நாள் மண்ணில் தென்னை மரத்துக்குத் தென்னை மரம் ஓடினான். ஓடி நின்றதும் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தான், வலியால் இல்லை, பயத்தால். சத்யபாமாவும் கூடவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து மூச்சிரைக்க நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவனுடைய ஓட்டத்துக்கு அவளால் ஈடு கொடுக்க முடியாமல் போனது. குடையோடு ஒரு தென்னையடியில் உட்கார்ந்து, அவன் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மேனேஜர் சொன்ன தவணை முடியப் போகிற நவம்பரில், கோவளத்திலேயே பெரிய போட்டி அறிவித்தார்கள். கடலில் நீச்சல், புது பைபாஸில் காரோடு என்கிற ஊர் வரைக்கும் போய்த் திரும்பிச் சைக்கிள், கடைசியில் கடலோரமாக அரை மாரத்தான். அபிஜித்தும் வருகிறான். அனூஜுக்கு அந்த வருஷம் இதைவிட்டால் வேறு போட்டி கிடையாது. ஷீனா காலை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எலும்பு ரெடி. தலைதான் ரெடியான்னு எனக்கு அறியில்லை. யாரு கத்தினாலும் உனக்க ஓட்டம்தான் நீ ஓடணும். முதல் பாதியில அடக்கி ஓடு.”

நீச்சலில் அன்றைக்கு அவனைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அலை வரும்போது அடியில் போனான், போனதும் எழுந்தான். முதல் ஆளாகக் கரையேறினான். கரையில் நின்ற ஆன்டோ, “எனக்க பையனாக்கும்! எனக்க பையனாக்கும்!” என்று தெரியாத ஆட்களையெல்லாம் பிடித்து உலுக்கினான். சைக்கிளில் அவன் போன பைபாஸ் நெடுக நம்ம ஊர் ஆட்கள் நின்றார்கள். திருப்புறம் பக்கம் பாலத்தில் நின்று கைதட்டினார்கள், காரோட்டில் திரும்பும் இடத்தில் கொல்லயில் பையன்கள் செண்டை அடித்தார்கள். சைக்கிளை விட்டு இறங்கும்போதும் அனூஜ்தான் முன்னால். அபிஜித் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வந்துகொண்டிருந்தான்.

ஓட்டம் தொடங்கிக் கொஞ்சத்திலேயே அபிஜித் அவனைத் தாண்டினான். தாண்டினதும் இல்லாமல் திரும்பி ஒரு பார்வை வேறு பார்த்தான். ரோட்டோரம் ஒரே கூச்சல். “விடாத அனூஜே!” “பிடிலே அவனை!” அனூஜின் கால் தானாகவே வேகம் எடுத்தது. தாரில் வெயில் பளபளத்தது. திக்குறிச்சிக்கு அப்புறம் எப்படி ஓடினோம் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தான். கொல்லயில் பையன்களுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. “போச்சு, கால் போச்சு” என்று ஒருவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தே விட்டான். அபிஜித் வளைவுக்கு அப்பால் மறைந்தான். பின்னாலிருந்து இன்னும் ஒருவன் வந்து தாண்டிப் போனான். அதையும் அனூஜ் பொறுத்துக்கொண்டான். வாழ்க்கையில் அவன் செய்த காரியங்களிலேயே அதுதான் கஷ்டமானது.

பாதி தாண்டியதும்தான் அவிழ்த்துவிட்டான். இரண்டாவது ஆளை ஒரு தண்ணீர்ப்பந்தல் பக்கத்தில் பிடித்தான். அபிஜித்தின் முதுகு தெரிய ஆரம்பித்தது. அந்தப் பையன் வெயிலில் தன்னைக் கொட்டித் தீர்த்திருந்தான், தோள் இரண்டும் ஆடின. கடைசித் திருப்பத்தில் அனூஜ் அவன் பக்கத்துக்கு வந்துவிட்டான். அந்தத் திருப்பத்தில்தான் அண்டியாபீஸ் பெண்களோடு வேனில் வந்திறங்கிய சத்யபாமா நின்றுகொண்டிருந்தாள். சரியாக அந்த நேரத்தில் அவன் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, வலி சுருக்கென்று பிடித்தது.

அனூஜ் நின்றுவிட்டான்.

ஜெயிக்கிற இடத்தில் ஒருவன் நின்றால் கூட்டத்துக்கு என்ன புரியும்? சத்யபாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அபிஜித் தடதடவென்று போய்க்கொண்டிருந்தான். அனூஜ் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, எலும்பின் மேல் ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டு வந்தான். எலும்பு போனால் வலி ஒரு விரல் மறைக்கிற இடத்தில் ஒளிந்திருக்கும், சதை பிடித்தால் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரந்து கிடக்கும் என்பது ஷீனாவின் பாடம். மேலாங்கோட்டில் ஒற்றைக்காலில் நின்றபோது அந்த வலி ஒரு விரல் அகலம்தான் இருந்தது. தெரிந்தேதான் ஓடினான். இப்போது விரலுக்கடியில் அப்படி ஏதாவது ஓர் இடம் கத்தினால், இதோ இந்த ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், அணியும் சம்பளமும் எல்லாம் அபிஜித்துக்கே போகட்டும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். எலும்பில் எங்கேயும் வலி இல்லை. பின்பக்கச் சதைதான் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது.

அவன் நடு ரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். வெறும் சதை! நாசமாகப் போன வெறும் சதை! குதிகாலைத் தரையில் ஊன்றி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஓடினான்.

அதற்கப்புறம் ஓடினதை ஓட்டம் என்று சொன்னால் போதாது. அடக்கி வைத்திருந்த அத்தனையும் அந்தக் கடைசித் தூரத்தில் வெளியே வந்தது. சதை வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டான். கடலோரக் கடைகளில் சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கொல்லயில் பையன்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் அவனோடு கூடவே ஓடினார்கள், ஓட முடியாமல் விழுந்தார்கள், எழுந்து மறுபடி ஓடினார்கள். முடிவுக்கோட்டு அலங்கார வளைவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அபிஜித்தை எட்டினான். அந்தப் பையனும் லேசில் விடவில்லை, கடைசிவரை தோளோடு தோளாக வந்தான். இரண்டு தென்னை மரத்துக்கு இடையேயுள்ள தூரத்தில் அனூஜ் அவனைத் தாண்டி நாடாவை நெஞ்சில் வாங்கினான். அபிஜித் மண்ணில் மல்லாந்து விழுந்து, “அண்ணே, நடுவுல எதுக்கு நின்னீங்க?” என்று கேட்டான். அனூஜுக்கு மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை. கையைக் கொடுத்து அவனைத் தூக்கிவிட்டான்.

கழுத்தில் மாலை விழுந்தது. மைக்கில் அவன் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். தடுப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு, தடுத்த தொண்டர்களைத் தள்ளிக்கொண்டு சத்யபாமா உள்ளே வந்தாள். மாலையையும் பார்க்கவில்லை, கேமராக்காரர்களையும் பார்க்கவில்லை. நேராக அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, முந்திரி தல்லிக் காய்ப்புப் பிடித்த அந்தக் கையால் அவன் இடது காலைப் பிடித்து, மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள்.

“வலிக்கா மக்கா?”

“இல்லம்மா.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா இல்ல. எலும்புல ஒண்ணும் இல்ல.”

இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலையை நிமிர்த்திக் குரவையிட்டாள். கல்யாண வீட்டில் தாலி ஏறும்போது இடுகிற அதே குரவை, நாக்கு சுழன்று சுழன்று கடற்கரை முழுக்கக் கேட்டது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கயிற்றுக்கு அப்பால் நின்ற அண்டியாபீஸ் பெண்கள் ஒவ்வொருவராக அவளோடு சேர்ந்து குரவையிட்டார்கள். ஆன்டோ விசிலடித்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில், இரண்டு காலையும் மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, அனூஜ் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.